இரண்டு பெயர், ஒரே ஃபைல்

ஒரே பொருள் வீட்டில் இரண்டு கிடந்தால் எனக்குப் பிடிக்காது. இரண்டு கத்தரிக்கோல் இருந்தால் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவேன். குடையும் ஒன்றுதான் வைத்திருக்கிறேன். இருப்பது ஒரு தலை.

காலையிலிருந்து ஏன் செய்தாய், ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். நான் செய்தது இடத்தை மிச்சப்படுத்தியது. அங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஆலை ரிவியேர் தே ஸாங்கீய் ஊருக்கு வெளியே, கரும்புக் காட்டை வெட்டிக் கட்டியது. பனியன் துணிக்குச் சாயம் போடுகிறோம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு செய்முறை உண்டு. சாயம் எத்தனை கிராம், உப்பு எவ்வளவு, காஸ்டிக் சோடாவை எந்தச் சூட்டில் போடுவது, எத்தனை நிமிடம். இவை எல்லாம் என் அறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் ஃபைல்களாக இருந்தன. படம் கிடம் இல்லாத இயந்திரம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. சாய ஆய்வுக்கூடத்திலும் அதோடு இணைத்த திரை ஒன்று இருந்தது. எதுவானாலும் கட்டளை தட்டித்தான் செய்ய வேண்டும். தினமும் பதினோரு மணிக்கு அன்றைய நிறங்களுக்கான ஷீட்டுகளை அச்சடித்துச் சாயத் தொட்டி ஆட்களிடம் கொடுப்பது என் வேலை. அவர்கள் அதில் கையெழுத்துப் போட்டு, அதில் உள்ளபடியே செய்வார்கள்.

செய்முறைகளை எழுதியவர் ஜொசெத். செமின் கிரனியே ஊர்க்காரர், சாய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை. புது நிறம் முதல் தடவை தொட்டியில் இறங்கும்போது சிலுவை போட்டுக்கொள்வார். கோவிலில் காவடி என்றால் அதற்கும் விரதம் இருப்பார். எதையும் இரட்டையாக வைத்துக்கொள்ளும் மனுஷி. ஃபைல்களையும் அப்படித்தான் வைத்திருந்தார். 'கோஃப்ர்' என்று ஒரு பிரிவு. பெட்டகம் என்று பொருள். ஷீட்டு அதிலிருந்துதான் அச்சாகும். அதை அவர் லேசில் தொடமாட்டார். 'எஸ்ஸே' என்று இன்னொன்று, சோதனைக்கு. அதில் மாற்றி மாற்றிப் பார்ப்பார். சரியாக வந்தால் மட்டும் பெட்டகத்தில் ஏற்றுவார். சோதனை முடிந்ததும் எஸ்ஸேயைப் பழையபடி ஆக்கிவிடுவார். ஆக, எந்த நாளில் பார்த்தாலும் இரண்டு இடத்திலும் ஒரே விஷயம் கிடந்தது. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஃபைல், இரண்டு தடவை.

எண்பத்தொன்பது ஆகஸ்டில் டிஸ்க் நிறைந்துவிட்டது. இந்த வருடம் புது டிஸ்க் கிடையாது, இடம் பண்ணு என்றார் மேலாளர். கேன்டீனில் ஜொசெத்திடம் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"மதாம், கோஃப்ர்லயும் எஸ்ஸேயிலயும் ஒரே சரக்குதான் கிடக்கு. எஸ்ஸேயை அழிச்சிடலாமா?"

"அதுல கை வெச்சே, கையை உடைப்பேன்."

"டிஸ்க்ல இடமில்ல, மதாம்."

"இடம் பண்றது உன் வேலை. எதை வெச்சுக்கணும்னு எனக்குச் சொல்றது உன் வேலை இல்ல. பரீட்சைக்கு ரெண்டு தடவை உட்கார்ந்து ரெண்டு தடவையும் தோத்தவன், எனக்குப் பாடம் நடத்த வந்துட்டான்."

நாலாம் தொட்டி ரேமோன் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். "ஆயோ மதாம், விடுங்க," என்றான். "அவன் தோத்ததுலயே ரெண்டு காப்பி வெச்சிருக்கான், பாவம்."

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அது நல்ல பேச்சுதான். அவர்கள் இருவரும் சொன்னது உண்மை, உண்மையைச் சொன்னதற்காக நான் யார்மேலும் கோபப்படுகிறவன் இல்லை. அதை உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை உட்கார்ந்து இருபது வரியில் ஒரு நிரல் எழுதினேன். இரண்டு பிரிவிலும் உள்ள ஃபைல்களை ஒவ்வொன்றாக ஒப்பிடும். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு, அந்தப் பெயரை மற்றதன்மேல் கட்டிவிடும். அதற்கான கட்டளை எல், என் என்று இரண்டே எழுத்து. இதற்கு லிங்க் என்று பேர். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பிறப்புப் பத்திரத்தில் நான் ழான்-பியேர் கோபாலசாமி. வீட்டிலும் தெருவிலும் தெனி. இந்தத் தீவில் அப்படி இல்லாதவர் யார்? எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நான்தான் திரும்புவேன். ழான்-பியேரை அறைந்தால் தெனிக்கும் கன்னம் வீங்கும். இதில் அசல் எது, நகல் எது என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியே தப்பு. இரண்டும் பெயர். ஆள் ஒன்று.

அன்று மாலைக்குள் டிஸ்க்கில் ஆறில் ஒரு பங்கு காலியானது. மேலாளர் முதுகில் தட்டினார். திங்கட்கிழமை ஜொசெத் என் ஜன்னலுக்கு வந்தார்.

"என் ஃபைல்ல கை வெச்சியா?"

"எதையும் அழிக்கல, மதாம்."

"ரெண்டும் இருக்கா?"

"ரெண்டும் இருக்கு."

பட்டியல் போட்டுக் காட்டினேன். கோஃப்ரில் எல்லாப் பெயரும் இருந்தன, எஸ்ஸேயிலும் எல்லாப் பெயரும் இருந்தன. "கொரெக்," என்று, சரி என்ற பொருளில், சொல்லிவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது அவ்வளவுதான்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். வியாழக்கிழமையே ஒரு வெற்று ஃபைலில் சோதித்துப் பார்த்திருந்தேன். ஒரு பெயரில் திருத்தினால் மற்றதிலும் திருத்தம் தெரிந்தது. எனக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கடற்படை நீலத்தில் ஒரு சோதனை. துணி திட்டுத்திட்டாக வருகிறது என்று ஜெர்மனியில் வாங்குகிறவர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். காஸ்டிக்கை நாற்பது டிகிரியில் போடுவதற்குப் பதில் தொண்ணூறில் போட்டால் என்ன ஆகும் என்று ஜொசெத் பார்க்க விரும்பினார். ஆய்வுக்கூடத்துப் பாத்திரம் ஒரு லிட்டர். கண்ணாடிக்குப் பின்னால் நின்று சிட்டிகை சிட்டிகையாகப் போடுவார், ஆபத்தில்லை. தொட்டியில் அப்படி இல்லை. பன்னிரண்டு கிலோ காஸ்டிக் செதிலை வாளியோடு தூக்கிக் கொட்டுவார்கள். கொதிக்கிற நீரில் அது விழுந்தால் நீர் உள்ளே நிற்காது.

பத்து இருபதுக்கு ஆய்வுக்கூடத்துத் திரையிலிருந்து எஸ்ஸேயில் அவர் நாற்பதைத் தொண்ணூறாக்கினார். யார் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார்கள் என்று என் திரையில் தெரியும். பிறகு அவர் கூட்டத்துக்குப் போனார். பதினோரு மணிக்கு அச்சு ஓடியது. அன்று நாலாம் தொட்டிக்கும் கடற்படை நீலம். ஷீட்டில் தொண்ணூறு என்று விழுந்தது.

பதினொன்று நாற்பதுக்குத் தொட்டி பொங்கியது. முகம், கழுத்து, நெஞ்சு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தான் ரேமோன். வயது முப்பத்து நான்கு.

ஆம்புலன்ஸைப் பார்க்க எல்லாரும் முற்றத்துக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை, வேலை இருந்தது. அந்த நீலத்தை மட்டும் கட்டவிழ்த்துத் தனித்தனி ஃபைலாக்கினேன். தேதியும் நேரமும் மாறாமல் நகலெடுக்க வழி உண்டு. ஆக இரண்டு ஃபைல், இரண்டிலும் தொண்ணூறு, இரண்டிலும் பத்து இருபது, இரண்டிலும் ஜொசெத்தின் பெயர்.

விசாரணையில் முதலில் அவர் சத்தம் போட்டார். "பெட்டகத்தை நான் திறக்கவே இல்ல. எஸ்ஸேயைத்தான் தொட்டேன், சத்தியமா." மேலாளர் திரையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஜொசெத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அதுவரை என்னிடம் அவ்வளவு மெதுவாக அவர் பேசியதில்லை.

"தெனி, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நான் ரெண்டையும் தொட்டேனா?"

"உங்க பேர்தான் இருக்கு, மதாம்."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"அவசரத்துல இருந்திருப்பீங்க."

கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான்தான்," என்றார். கையெழுத்துப் போட்டார். நீதிமன்றம் அபராதத்தோடு விட்டது. ஆலை வேலையைப் பறித்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வருடம் ஒரு நாள் ரிவியேர் தே ஸாங்கீய் சந்தையில் ரேமோனின் மனைவி யொலாந்தைப் பார்த்தேன். முன்னால் கை வீசிக்கொண்டு நடந்தாள். பின்னால் இரண்டு கூடை தூக்கிக்கொண்டு ஜொசெத். செமின் கிரனியேயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அந்த வீட்டில் துணி துவைக்கிறாராம், பாத்திரம் தேய்க்கிறாராம். யாரும் கூப்பிடவில்லை, தானாகப் போய் வாசலில் நின்றாராம்.

"ஏய் தொண்ணூறு," என்றாள் யொலாந்த். "தக்காளி நசுங்குது, கண்ணு எங்க இருக்கு?"

ஜொசெத் கூடையை மாற்றிப் பிடித்தார். கடைக்காரன் சிரித்தான். "இது என்ன பேரு?"

"என் புருஷனை வேக வெச்ச சூடு. திரும்பறாளா இல்லையா, பாரு. தொண்ணூறு!"

ஜொசெத் திரும்பினார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். நான் வணக்கம் சொன்னேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எனக்குச் சந்தையில் வேலை இருந்தது. ஏதாவது வாங்க வேண்டியிருக்கும்.

இந்த மாதம் ஆலைக்குப் பெரிய கம்ப்யூட்டர் வந்தது. ஃபைல்களை வாராவாரம் நகலெடுத்து வைத்த பழைய டேப்புகளைப் பிரித்துப் புதியதில் போட மொரிஸ் என்று ஒரு நிபுணர் வந்தார். விபத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நான் எடுத்த டேப்பைப் போட்டபோது, இந்தப் பெயர் அந்தப் பெயரோடு கட்டப்பட்டது என்று திரையில் வரிவரியாக ஓடியதாம். நீலமும் அதில் இருந்தது. அவர்தான் மேலாளரிடம் கேட்டார், மேலாளர்தான் உங்களைக் கூப்பிட்டார். டேப்பை நான் ஏன் அழிக்கவில்லை என்று உங்கள் ஆள் கேலியாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை டேப்பை அழிப்பது முறையில்லை. நான் ஒழுங்காக வேலை செய்கிறவன்.

இடத்தை மிச்சப்படுத்தினேன், ஒரு எண்ணைக்கூட என் கையால் எழுதவில்லை, இவ்வளவுதானே என்று நீங்கள் நினைக்கலாம். மொரிஸும் அப்படித்தான் நினைக்கிறார், கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். டேப்பில் இல்லாதது ஒன்று இருக்கிறது.

ரேமோன் முட்டாள் இல்லை. எட்டு வருடம் காஸ்டிக் கொட்டியவன். பதினொன்றே காலுக்கு ஷீட்டோடு என் ஜன்னலுக்கு வந்தான்.

"மத்லோ, இது என்ன தொண்ணூறு? எப்பவும் நாப்பதுதானே?"

மத்லோ என்றுதான் கூப்பிடுவான் எல்லாரையும், கூட்டாளி என்பது போல.

"ஷீட் எழுதறது யாரு?" என்றேன்.

"மதாம்தான். அவங்க கூட்டத்துல இருக்காங்க. வரட்டும், கேட்டுட்டுப் போடறேன்."

"இப்பத்தான் மாத்தினாங்க. நானே பார்த்தேன்."

"நெசமாவா?"

"ஜெர்மனிக்காரன் கேட்ட புது முறையாம். ரொம்ப நேரம் நிக்காதே, துணி கெட்டுப்போகும். குனிஞ்சு, கிட்ட வெச்சு, ஒரேயடியா கொட்டு. இல்லாட்டி மறுபடி திட்டு விழும்."

"கொரெக்," என்றான். ஜன்னல் பலகையில் ஷீட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டான். பேனா என்னுடையது.

குனிந்து என்பதும், கிட்ட வைத்து என்பதும், ஒரேயடியாக என்பதும் எந்த ஃபைலிலும் இல்லை. அவை நான் சொன்னவை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நாளைக்கு ஜொசெத்திடம் போய் விஷயத்தைச் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அவருக்கு அந்த வீடு பழகிவிட்டது. யொலாந்தும் இப்போது அடிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். இவ்வளவு நாள் தேய்த்த பாத்திரமெல்லாம் வீண் என்று அந்த மனுஷியிடம் போய் யாராவது சொல்வார்களா? அந்த அளவுக்கு எனக்குக் கல்நெஞ்சு கிடையாது.