பனியாற்றில் முதல் கால்

மலையேறறதுக்கு ஷூவை விட சாக்ஸ்தான் முக்கியம்ங்க மேடம். நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுதான். எவ்வளவு நல்ல ஷூ வாங்கிப் போட்டாலும் உள்ள நைலான் சாக்ஸ் போட்டா மூணாவது நாளு குதிகால் வெந்துபோயிடும். எங்க குழுவுல எட்டுப் பேருக்கும் நானே சேலத்துக்குப் போயி கம்பளி சாக்ஸ் வாங்கியாந்தேன். ஒருத்திக்கும் கால்ல ஒரு கொப்புளம் வரலை.

ஆரம்பத்துலருந்து சொல்லுங்கன்னீங்க, சொல்றேன். பேரு நிர்மலாதேவி, வயசு அம்பத்திரெண்டு. வூடு இங்க பாப்பிரெட்டிப்பட்டியிலதான். வூட்டுக்காரரு மிலிட்டரி. அவரோட பதினோரு வருஷம் அம்பாலாவுல இருந்ததுல இந்தி எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி டாக்டரு சக்கரை இருக்கு, தினம் நடங்கன்னாரு. ரோட்டுல நடந்தா டூவீலர்காரன் காதுக்கிட்ட வந்து ஹாரன் அடிக்கறான். சரி போன்னு ஞாயித்துக்கிழமையில தீர்த்தமலைக்குப் பஸ் ஏறிப் போயி மலையேற ஆரம்பிச்சேன். மெஸ் நடத்தற பானுமதி கூட வந்தா. அப்புறம் மரவள்ளிக் காட்டு செல்லி வந்தா. ஒரு வருஷத்துல நாங்க சித்தேரி மலையில காலையில ஏறி மத்தியானம் இறங்கற அளவுக்கு ஆயிட்டோம். புடவையத் தூக்கிச் செருகிக்கிட்டு ஸ்போர்ட்ஸ் ஷூவோட நாங்க போறதப் பாத்து சிரிக்காத ஆளில்ல. சிரிச்சவங்கள்ல நாலு பேரு அடுத்த மாசம் ஷூ வாங்கிக்கிட்டு வந்தாங்க.

நான்தான் தலைவி. யாரும் ஓட்டுப் போடலை, ஆனா எல்லாருக்கும் அது தெரியும்.

சில்வியா மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்து சேந்தா. பி.பள்ளிப்பட்டிப் பொண்ணு, வயசு முப்பத்தஞ்சு. சித்தேரி மலை ஊருங்களுக்குத் தபால் கொண்டு போறவ. நாங்க வாரத்துக்கு ஒருநாள் ஏறற மலைய அவ வாரத்துல ஆறு நாளு ஏறிட்டு இருந்தா. வந்த மொத ஞாயித்துக்கிழமையே எங்க எல்லாத்துக்கும் அரைமணி நேரம் முன்னாடி உச்சிக்குப் போயிட்டா. நாங்க மூச்சு வாங்கிக்கிட்டு வர்றப்ப பாறை மேல உக்காந்து கொய்யாக்காய அரிஞ்சு வெச்சுக்கிட்டு, "வாங்கக்கா, இன்னும் பத்தடிதான்"ன்னா. அம்பதடி இருந்துச்சு.

தங்கமான பொண்ணுங்க. யாரு பையி கனமா இருந்தாலும் வாங்கித் தன் தோள்ல மாட்டிக்குவா. எனக்கு அவமேல ஒரு கோவமும் கிடையாது, அத நீங்க எழுதிக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான். அந்த மூணு வருஷத்துல நான் ஏறிப்போன எந்த உச்சியிலயும் அவ எனக்கு முன்னாடி இல்லாம இருந்ததில்ல. மலை காலியா இருக்கறத நான் பாக்கவே இல்ல.

பனிமலைக்குப் போற யோசனை செல்லியோடது. போன்ல ஏதோ வீடியோ பாத்துட்டு, "அக்கா, கிளேசியராம், ஆறு மாதிரி பனி உறைஞ்சு கெடக்குதாம். சாகறதுக்குள்ள அதுல ஒரு தடவ நிக்கணும்"ன்னா. சேலத்தத் தாண்டாதவ அவ. எல்லாரும் சிரிச்சோம், அப்புறம் யாருக்கும் அந்த நெனப்பு போகல. எட்டுப் பேரும் ரெண்டு வருஷம் தயாரானோம். பத்துக்கிலோ கேழ்வரகு மூட்டைய முதுகுல கட்டிக்கிட்டு மலையேறினோம். பானுமதியோட தம்பி பால் பண்ணையில வேல செய்யறான். அவன் மூலமா அனுமதி வாங்கிக் குளிர் ரூம்ல அரைமணி நேரம் நின்னோம். மீன்காரர்கிட்ட ஐஸ் பார் வாங்கியாந்து வாசல்ல போட்டு அது மேல நடந்தோம். செல்லி வழுக்கி வுழுந்து, தெருவே கூடிப்போச்சு. அவ்வளவு சந்தோசமா நான் என் வாழ்க்கையில இருந்ததில்லைங்க.

அங்க போறவங்களுக்குப் பனிய விடக் காத்துதான் ஆபத்து. மேல போகப் போக காத்து மெலிஞ்சுடும். எவ்வளவு பலசாலிங்கறது கணக்கே இல்ல. பயில்வான் படுத்துடுவான், நோஞ்சான் நடந்துடுவான். அதுக்குத்தான் வெரல்ல மாட்டற சின்ன மிஷினு இருக்குது, கொரோனா சமயத்துல எல்லார் வூட்டுலயும் இருந்துச்சே, அதுதான். ரத்தத்துல காத்து எவ்வளவு இருக்குதுன்னு நம்பர் காட்டும். எங்க கைடு தோர்ஜேன்னு ஒருத்தரு. அம்பது வயசிருக்கும், பொறுமையான மனுசன். மொத நாளே என்கிட்ட சொல்லிட்டாரு: காலையிலயும் சாயங்காலமும் பாக்கணும், எழுவத்தஞ்சுக்குக் கீழ வந்து இருமலும் தலவலியும் இருந்தா அவங்க உடனே கீழ இறங்கணும். பொம்பளைங்க கூடாரத்துக்குள்ள அவரு வரமாட்டாரு. மிஷின நான் வெச்சிருந்தேன். நம்பர நான் பாத்து வெளிய சத்தமா சொல்லுவேன், அவரு நோட்டுல எழுதிக்குவாரு. எங்க எட்டுப் பேருல இந்தி தெரிஞ்சவ நான் ஒருத்திதான். அவரு சொல்றது எனக்கு, இவங்க சொல்றது எனக்கு. எல்லாம் என் வழியாத்தான் போகணும்.

மணாலியிலருந்து ஒரு நாள் ஜீப்பு. அப்புறம் ரெண்டு நாள் நடை. மொத நாள் நடையிலயும் சில்வியாதான் முன்னாடி. ரெண்டாவது நாள் நடையில அவ பின்தங்கிட்டா. நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன். மொதல்ல எதுக்கோ நின்னிருக்கான்னு நெனச்சேன். ஓடையோரமா கூடாரம் போட்டிருந்த எடத்துக்கு நான் போயி டீ குடிச்சு முடிச்ச பிறகுதான் அவ வந்தா. இருமிக்கிட்டே வந்தா. "வாடி தபால்காரி, லேட்டு"ன்னு பானுமதி கிண்டல் பண்ணினா. அவளும் சிரிச்சா.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெரல்ல மிஷின மாட்டினேன். அறுவத்திநாலு.

"எவ்வளவுக்கா?"ன்னு கேட்டா.

"எம்பத்தாறு"ன்னேன். "என்னுத விட ரெண்டு கூட."

அவ மொகத்துல ஒரு சந்தோசம் வந்துச்சுங்க. கொழந்த மாதிரி. வெளிய தோர்ஜேகிட்ட எம்பத்தாறுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாரு.

ஏன்னு கேக்கறீங்க, ஞாயம்தான். ரெண்டு வருஷமா எட்டுப் பேரு இதுக்காகக் கஷ்டப்பட்டிருக்கோம். ஒருத்தி இறங்கினா எல்லாரும் இறங்கணும். செல்லி மூஞ்சிய நெனச்சுப் பாத்தேன். இன்னும் ஒரு காலை நடை, அவ்வளவுதான். ஒரு தலைவி எல்லாரையும் பாக்கணுமில்லைங்களா.

குதிரை இருந்துச்சான்னா, இருந்துச்சு. ரெண்டு குதிரை. ஒதவிக்கு ரெண்டு ஆளும் இருந்தாங்க. ஒருத்தரக் குதிரையில ஏத்தி ஒரு ஆளோட அனுப்பினா நாலு மணி நேரத்துல ஜீப்பு நிக்கற எடம், பாக்கிப்பேரு தாராளமா மேல போலாம்னு மொத நாளே தோர்ஜே சொல்லியிருந்தாரு. அத நான் அவங்களுக்குத் தமிழ்ல சொல்லலை. சரி, எல்லாரும் இறங்கணும்னு நான் சொன்னத எடுத்துடுங்க. அது சரியில்ல.

காலையில அவளுக்கு ஒதடு கறுத்திருந்துச்சு. மிஷினு அம்பத்தெட்டு காட்டுச்சு. எம்பத்திரெண்டுன்னு சொன்னேன். தோர்ஜேக்கு சந்தேகம். அவள வெளிய கூப்புட்டு நிக்கவெச்சு, எப்படி இருக்குதுன்னு கேளுங்கன்னாரு. கேட்டேன்.

"நெஞ்சுக்குள்ள தண்ணி கொதிக்கற மாதிரி இருக்குதுக்கா. ராத்திரி படுக்கவே முடியல, உக்காந்துட்டே இருந்தேன். நான் கீழ போயிடறேனே, நீங்கல்லாம் போயிட்டு வாங்க"ன்னா.

நான் அவருகிட்ட இந்தியில சொன்னேன்: ராத்திரி சரியாத் தூங்கலையாம், மத்தபடி நல்லா இருக்காளாம், மேல வரணும்னு ஆசைப்படறா.

அவரு ஒதட்டக் காட்டினாரு. எங்க ஊருப் பக்கம் எல்லாரும் கறுப்புதான், ஒதடு இப்படித்தான் இருக்கும்னேன். வெரல் நகத்தப் பாத்தாரு. அதுல மருதாணி. கெளம்பறதுக்கு முன்னாடி செல்லி எல்லாருக்கும் வெச்சு வுட்டிருந்தா. அவரு தலைய ஆட்டினாரு. அவமேல ஒரு கண்ணு வெச்சுக்கங்க, மெதுவா வரச் சொல்லுங்கன்னாரு.

அவகிட்ட நான், "இப்பப் படுத்தாத்தான் ஆபத்தாம். மெதுவா நடந்தா சரியாயிடும்ங்கறாரு"ன்னேன். அவ நம்பினா. என்ன மேடம் இருக்குது நம்பாம, நான் மூணு வருஷமா அவள அழைச்சுக்கிட்டுப் போறவ. ஷூ லேஸைக் கூட நான்தான் கட்டி வுட்டேன், அவளால குனிய முடியல.

மூணு மணி நேர நடை. வெயிலு அருமையா இருந்துச்சு. வானம் அவ்வளவு நீலமா இருக்கும்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல. தோர்ஜே சில்வியா கூடவே பின்னால வந்தாரு, செல்லியும் அவ கையப் புடிச்சுக்கிட்டு வந்தா. ஒதவிக்கு வந்த ஆள்ல ஒருத்தன் முன்னால வழி காட்டினான், அவன் பின்னாடி நானு. எனக்கு மூச்சே வாங்கல. அம்பத்திரெண்டு வயசு, சக்கரை, ஆனா அன்னிக்கு எனக்குக் காலே தெரியல.

பனியாறு படத்துல காட்டற மாதிரி வெள்ளையா இல்லைங்க. சாம்பல் நெறம். மேலெல்லாம் கல்லும் மண்ணும். பாத்தா ஊருக்கு ரோடு போட வெச்ச ஜல்லிக் குவியல் மாதிரி இருந்துச்சு. கிட்டப் போனாத்தான் கல்லுக்கு நடுவுல நீலமாத் தெரியுது, அடியில தண்ணி ஓடற சத்தம் கேக்குது. வழி காட்டினவன் ஓரமா நின்னு, நீங்க போங்கம்மான்னான். நான் மேல கால வெச்சேன். எனக்கு முன்னாடி யாரும் இல்ல. அந்தப் பெரிய எடத்துல ஒருத்தருமே இல்ல.

திரும்பிப் பாத்தேன். பானுமதியும் மத்தவங்களும் பாதித் தூரத்துல. எல்லாத்துக்கும் பின்னால சில்வியா. பத்தடி நடப்பா, நிப்பா, குச்சி மேல சாய்வா. நான் காத்திருந்தேன். எல்லாரும் வந்து, கட்டிப் புடிச்சு, போட்டோ எடுத்து, பானுமதி அழுதா. நான் அவங்களோட சேராம ஓரத்துல நின்னுட்டு இருந்தேன். அவ என்ன நிமிந்து பாக்கணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமே எனக்கு வேண்டியிருக்கல.

கிட்டத்தட்ட முப்பதடி இருக்கறப்ப நிமிந்தா.

"வா சில்வியா, இன்னும் பத்தடிதான்"ன்னேன்.

அவ அப்படியே உக்காந்துட்டா. இருமினா, வாயிலருந்து நுரை வந்துச்சு, லேசா ரோஸ் கலர்ல. தோர்ஜே ஒரே ஒரு தடவ என்னத் திரும்பிப் பாத்தாரு. அப்புறம் அவள முதுகுல தூக்கிக்கிட்டு இறங்கினாரு. அந்த மனுசன் கல்லு மேல ஓடினதப் பாக்கணும். ஓடைகிட்ட போறப்ப மணி பதினொண்ணு. சில்வியா செல்லி மடியில தலைய வெச்சிருந்தா. செல்லி கூப்புட்டுட்டே இருந்தா, அவ எந்திரிக்கல.

அந்த ஊரு போலீசு வந்து விசாரிச்சாங்க. மலை ஒசரத்துல வர்ற நோவு, காத்து பத்தல, வருஷத்துக்கு நாலஞ்சு பேரு இப்படிப் போறாங்கன்னாங்க. நோட்டுல எம்பத்தாறு, எம்பத்திரெண்டுன்னு இருந்துச்சு. திடீர்னு ஆயிடுச்சுன்னு எழுதினாங்க. நான்தான் இந்தியில வாக்குமூலம் கொடுத்தேன்.

ஊருக்கு வந்தோம். அவ வூட்டுக்காரரு ஆரோக்கிய பிரவீன், பாவம், ஒரே கேள்விதான் கேட்டாரு: "அந்தப் பனியத் தொட்டுட்டாளாங்க?" பானுமதி அவரு கையப் புடிச்சுக்கிட்டு, "தொட்டாப்பா. எங்க எல்லாத்துக்கும் முன்னாடி அவதான் போயித் தொட்டா. எப்பவும் போல"ன்னா. மத்தவங்களும் ஆமான்னாங்க. நானும் தலைய ஆட்டினேன். சாவு வூடு, அந்த நேரத்துல என்ன பேசறது.

ஆனா அது அதோட நிக்கலைங்க. மாதா கோயில்ல பூசையில சாமியாரு அதையே சொன்னாரு. கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டாங்க, மலை ஊருங்கள்லருந்து டெம்போ புடிச்சு வந்தாங்க. மேடையில அவ படம், கீழ 'பனிமலை தொட்ட முதல் பெண்'ன்னு எழுதியிருந்துச்சு. என்னப் பேசச் சொன்னாங்க. நல்லாப் பேசினேன், அழுதேன், அழுகை பொய்யில்ல. நான் ஆரம்பிச்ச குழுவுக்கு இப்ப சில்வியா மலையேற்றக் குழுன்னு பேரு. பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கற ஃப்ளெக்ஸ நான் தினமும் ரெண்டு தடவ தாண்டிப் போறேன். ஒரு மனுசி எவ்வளவுதான் பொறுத்துக்குவா சொல்லுங்க.

இறப்புச் சான்றிதழுக்கு எங்க எல்லாருகிட்டயும் ஒரு வாக்குமூலம் வேணும்னு நீங்க இந்த ஆபீசுக்குக் கூப்புட்டீங்க. நல்லவங்க நீங்க, டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தீங்க. பானுமதி எழுதிக் கொடுத்தத டைப் அடிச்சு வெச்சிருக்கீங்க, அவளோட சேத்து ஆறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நானும் போட்டுட்டுப் போயிருந்தா ஃபைலு முடிஞ்சிருக்கும். எனக்கு அது தெரியாம இல்ல.

அறுவத்திநாலும் அம்பத்தெட்டும் எழுதிக்கங்க. அவ கீழ போறேன்னு கேட்டதையும் நான் அத மாத்திச் சொன்னதையும் அப்படியே எழுதுங்க. எதையும் நான் மறுக்க மாட்டேன், கோர்ட்டுலயும் சொல்றேன். அந்த ரெண்டாவது பத்தியில 'சில்வியா முதலில் பனியாற்றை அடைந்தார்'னு இருக்குது பாருங்க, இவ்வளவு நாளா எல்லாரும் சேந்து சொல்லிட்டிருக்கற பொய்யி அதுதான். அத மொதல்ல அடிச்சுட்டு என் பேர எழுதுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்.