சீட்டில் இருந்த மூன்று எழுத்து

தலைவலி மாத்திரை வாங்கத்தான் தாராவி மருந்துக்கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி. அம்மாவின் தோளில் ஒன்றரை வயதுப் பிள்ளை பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. டாக்டர் தந்த சீட்டைப் படித்த அப்பா திடுக்கிட்டார்.

"ஏட்டி, காய்ச்சல் சிரப்புக்குப் பக்கத்துல எஸ்.ஓ.எஸ்.னு எழுதியிருக்காரு!"

"அப்படின்னா?"

"போன்ல ஆபத்துக்கு அமுக்குவோம்லா, அது!"

"லேசான காய்ச்சல், வீட்டுலயே பாத்துக்கிடலாம்னுதான சொன்னாரு?"

"சொன்னத நம்பவா, எழுதுனத நம்பவா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?"

"புள்ள பிஸ்கட் திங்குதே..."

"அதாம்ட்டி எனக்கும் புரியல."

ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி அம்பர்நாத்தில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டு, உடனே கிளம்பி வரச் சொன்னார். அப்புறம்தான் அவர்கள் முறை வந்தது. அந்த மூன்று எழுத்தைக் காட்டி அப்பா கேட்க, கடைக்காரர் சீட்டைப் பார்த்தார்.

"காய்ச்சல் அடிச்சா மட்டும் குடுக்கணும்னு அர்த்தம் பாய். இல்லேன்னா வேணாம்."

"அப்ப போன்ல ஏன் அப்படிப் போட்டிருக்கான்?"

கடைக்காரர் சிரப்பை எடுக்கப் போய்விட்டார். போன் அடித்தது. மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணே, புள்ளைக்கு ஒண்ணுமில்ல. ட்ரெயின் ஏறிட்டியா? சரி, வா. வந்து இவுகளப் பாரு."