பிடிச் சோதனை

எனக்குச் சத்தமாகப் பேச வராது. நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா.

ஆய்வகத்தில் என் வேலை செல் வளர்ப்பது. நகத்தளவு சிப் ஒன்றின் மேல் நோயாளியின் சொந்த நரம்புச் செல்களையே வளர்த்து, செயலிழந்த கையின் நரம்போடு இணைப்போம். சிப் மின்துடிப்பு அனுப்பினால் கை எழும், விரல்கள் மூடும். படிப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆனாலும் இதில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை.

என் அக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அக்காவை அறைந்த கை. நானே பார்த்திருக்கிறேன். கை விழுந்ததும் மனிதர் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டார். அக்கா கெஞ்சியதால் நான்தான் சிப் வைக்க ஏற்பாடு செய்தேன்.

"உள்ள ரேடியோ ஸ்டேஷனே வெச்சுட்டீங்க மச்சான், பாட்டு எப்ப போடுவீங்க?" என்றார் அத்தான்.

அத்தான் வீட்டுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கன்னம் வீங்கியது. அடுத்த ஞாயிறு உதடு கிழிந்தது. அதற்கடுத்து ஒரு பல் போனது. லீவு நாளில் கோபப்பட நேரம் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கை தானாக வீசியது என்றார் அத்தான். அடிக்கிறவன் சொல்லும் கதை. ஆமாம் என்றாள் அக்கா. அடிபடுகிறவள் சொல்லும் கதை.

செவ்வாய்க்கிழமை அவருக்குப் பிடிச் சோதனை. நல்ல கை உதவிக்கு வராமலிருக்க அதை நாற்காலியோடு கட்டுவது எங்கள் வழக்கம். கட்டினேன். அழுத்திப் பிடிக்க ரப்பர் உருளை கொடுப்போம். அதற்குப் பதிலாக அவருடைய வலது கையை அவர் கழுத்திலேயே வைத்தேன். மின்னோட்டத்துக்கு இருந்த உச்சவரம்பை நீக்கினேன்.

"அது நான் இல்ல மச்சான்," என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கட்டைவிரல் குரல்வளையில் புதைந்தது. உள்ளே ஏதோ ஒடிந்தது. ஏழு நிமிடம் ஆனது. இதயம் நின்ற பிறகும் சிப்பின் மேலிருந்த செல்கள் கொஞ்ச நேரம் பதில் அனுப்பின. நல்ல வளர்ப்பு.

பிறகு சிப்பின் பதிவைப் பார்த்தேன். ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு தானியங்கிச் சோதனைத் துடிப்பு. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் அதை நிறுத்த வேண்டியது என் வேலை. நிறுத்தவில்லை. ஆறு மணிக்கு அக்கா அவருக்குச் சாப்பாடு ஊட்டப் பக்கத்தில் உட்காருவாள்.

பதிவை அழித்துவிட்டேன். அவளிடம் இதைச் சொல்லாதீர்கள். அடித்தவனைத்தான் தம்பி கொன்றான் என்ற நிம்மதியாவது அவளுக்கு இருக்கட்டும்.