எட்டு ஆம்பளைங்க

எழுபதுகளின் கடைசியில், வேலூரிலிருந்து ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்திக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன்சீட்டில் இருந்த பெண்மணி பக்கத்திலிருந்த இளையவளிடம் சத்தமாகச் சொன்னாள்: "எட்டு ஆம்பளையையும் காலையில ஒரே மூச்சுல வெட்டிப் போட்டேன்."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரின் கை நின்றுவிட்டது.

"இன்னாக்கா சொல்றே?"

"பப்பாளி மரம்டி. கொல்லையில இருபது வெச்சேன். எட்டுல பூ மட்டும் சரம் சரமாத் தொங்குது, ஒரு பிஞ்சு இல்ல. ஆம்பள மரமாம். எதுக்கு வெட்டியா நிக்கணும்?"

பஸ்ஸே சிரித்தது. இளையவள் சிரிக்கவில்லை.

"ஒண்ணுகூட வுட்டு வெக்கலியா?"

"இல்லியே."

"ஐயோ அக்கா! அந்தப் பூவுல கீற தூளு வந்து பட்டாத்தானே பொட்ட மரத்துல காய் புடிக்கும்? இனிமே பூக்கிறதெல்லாம் கொட்டிப் பூடுமே!"

பெரியவளின் முகம் வெளுத்துப்போனது.

"ஓடையிலேர்ந்து கொடம் கொடமா சுமந்து ஊத்தினேனே... வெட்டின பூவெல்லாம் ஆடு தின்னுட்ச்சேடி!"

"அழாதக்கா. எங்க வூட்டாண்ட ஒரு ஆம்பள மரம் கீது. பூ பறிச்சுத் தர்றேன். வாடறதுக்குள்ள எடுத்துனு போய், கையாலயே பொட்டப் பூ மேல தேய்ச்சு வுடு. காய்க்கும்."

கணியம்பாடியில் பஸ் நின்றதும் இளையவள் எழுந்தாள். அமிர்திக்கு டிக்கெட் வாங்கியிருந்த பெரியவள் அவளுக்கு முன்னால் இறங்கி, வீடு எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்காமல் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.