காற்றில்லாத வாரம்

எங்கள் ஊரில் மின்சாரக் கம்பெனியை மாற்றுவது சோப்பு மாற்றுவது மாதிரி. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் மாற்றுவார்கள். சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் வியர்க்க உட்கார்ந்துகொண்டு எந்தக் கம்பெனி மலிவு, எது ஏமாற்று என்று பேசிக்கொள்வார்கள். நாங்கள்தான் மாற்றவில்லை. அப்பா போட்ட பழைய ஒப்பந்தமே ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியில் வீட்டு நிர்வாகம் கற்பித்த ஆசிரியை நான்; வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்பது தங்கையைப் பற்றி. சொல்கிறேன். ஒர்வோக்கி என்னைவிட ரொம்ப இளையவள். நாற்பதைத் தாண்டியதும் நரம்பு நோய் வந்து கால்கள் போயின, பிறகு கைகளும் தளர்ந்தன. மின்சாரச் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். நான் ஓய்வு பெற்றதும் நகராட்சி அனுப்பிய பணிப்பெண்ணை நிறுத்திவிட்டேன். சொந்த அக்கா இருக்கும்போது வேற்று ஆள் எதற்கு? அவளைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, தலை வாரியது எல்லாம் நான்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இல்போவைக் கடைத்தெருவில் பார்த்தேன். பச்சைக் குடையின் கீழே மேசை போட்டு, ஒரு மின்சாரக் கம்பெனிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு நின்றிருந்தார். மனைவியை இழந்தவர், நல்ல உயரம்.

"டீச்சர், எங்ககிட்ட காற்றாலை கரண்ட் மட்டும்தான். நிலக்கரி வாசனையே கிடையாது," என்றார்.

என்னிடம் அவ்வளவு இதமாக யாரும் பேசிப் பல காலம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து விவரமாகச் சொல்லுங்கள் என்றேன். கேக் செய்து வைத்தேன். நீல மேல்சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டேன்.

அவர் வந்தார். ஒர்வோக்கி நாற்காலியை ஓட்டிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டாள்.

"காத்து அடிச்சா விலை இறங்கும், நின்னா ஏறும். மணிக்கு மணி மாறும்," என்று விளக்கினார் இல்போ. "எந்த ரூம்ல ஹீட்டர் எரியணும், எது அணையணும்னு போன்லயே பண்ணிக்கலாம்."

"காத்து லீவு போட்டா என்ன பண்றது?" என்றாள் ஒர்வோக்கி.

"கம்பளியைப் போத்திக்கிட்டு என்னைத் திட்டுங்க."

"திட்டறதுக்கு உங்க நம்பர் வேணுமே."

அவர் காப்பி சிந்தும் அளவுக்குச் சிரித்தார். நான் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"மனுஷன் நல்லாத்தான் இருக்காருல்ல அக்கா?"

"கரண்ட் விக்கிறவர்," என்றேன்.

கம்பெனி மாறியது. ஒப்பந்தம் என் பேரில், கட்டுப்பாடு என் போனில். மறு வாரம் இல்போ மறுபடி வந்தார், எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். கையில் ஏலக்காய் ரொட்டிப் பொட்டலம். கதவைத் திறந்தது நான். பொட்டலத்தை அவர் கொண்டுபோய் வைத்தது ஒர்வோக்கியின் மடியில். அதற்கப்புறம் அடிக்கடி வந்தார். அவள் அறையில் உட்கார்ந்து இருவரும் சிரிப்பது சமையலறை வரைக்கும் கேட்கும். எனக்குப் பொறாமை என்று நினைக்காதீர்கள். அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பசுமை மின்சாரம் வாங்கினால் அதற்கேற்றபடி வாழ வேண்டும். காற்று வீசும்போது மட்டும் துவைப்பது, சமைப்பது, சவுனா மூட்டுவது என்று ஆரம்பித்தோம். ஒர்வோக்கிக்கு அது விளையாட்டாக இருந்தது. அவள் ஜன்னலிலிருந்து கடற்கரைக் காற்றாலைகள் தெரியும். "அக்கா, சுத்துது! காப்பி போடு!" என்று காலையில் கத்துவாள். பிறகு அவளுடைய நாற்காலிக்கும் அதே விதி என்றேன். காற்று வந்தால்தான் சார்ஜ். போனுக்கும் அதுதான். அவள் தலையாட்டினாள். என்னிடம் அவள் எதற்கும் சண்டை போட்டதில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

ஜனவரியில் காற்று நின்றது. கடல் உறைந்து கிடந்தது, புகைபோக்கிப் புகை நேராக மேலே போனது, காற்றாலைகள் அசையவில்லை. விலை ஏறியது. சமையலறையில் உட்கார்ந்தபடி அவள் அறை ஹீட்டரைப் போனில் அணைத்தேன். அவள் அறையை மட்டும். என் அறையில் விறகு அடுப்பு உண்டு.

"என்னை அடுப்புப் பக்கம் கொண்டுபோயேன்க்கா," என்றாள்.

கதவு குறுகல், நாற்காலி நுழையாது என்றேன். கிறிஸ்துமஸ் அன்று அவள் என் அறையில் அடுப்போரம்தான் உட்கார்ந்திருந்தாள். அதை அவளும் சொல்லிக்காட்டவில்லை.

அடுத்த நாள், "பழைய கம்பெனிக்கே மாறிடலாம்க்கா. விரலெல்லாம் மரத்துப்போச்சு," என்றாள்.

"ஒப்பந்தத்தை நடுவுல முறிக்க முடியாதும்மா."

முறிக்கலாம். இரண்டு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும். இல்போ முதல் நாளே அதை என்னிடம் சொல்லியிருந்தார்.

"அப்ப இல்போவைக் கேளு. இல்ல என் போனைக் குடு, நானே கேக்கறேன்."

"அதுல சார்ஜ் இல்ல. காத்து வரட்டும்."

சூப்பை ஆறிய பிறகே கொடுத்தேன். சூடாக்குவதும் மின்சாரம்தானே.

இல்போ வந்தார். காதை மூடும் உரோமத் தொப்பி, மீசையெல்லாம் பனி.

"ஒர்வோக்கி போனே எடுக்கல டீச்சர். உடம்பு சரியில்லையா?"

"துர்க்குவுல சித்தி வீட்டுக்குப் போயிருக்கா."

"இந்தக் குளிர்லயா?"

"அவ பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார். முகம் வாடிவிட்டது. உள்ளேயிருந்து ஒர்வோக்கி அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் அதற்குள் நூலாகியிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்து அவ்வளவையும் நானே தின்றேன். நல்ல ரொட்டி, வெண்ணெய் தாராளமாகப் போட்டிருந்தார்கள்.

பிறகு அவள் அறைக்குப் போனேன்.

"இல்போ வந்தாரா?" என்றாள்.

"யாரும் வரல. நீ கனவு கண்டிருப்பே."

அவள் அழுதாள். அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். அவளிடம் இருந்தது ஒரே கம்பளி. மற்ற இரண்டும் என் கட்டிலில் இருந்தன.

மின்சாரம் அந்த வாரம் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை, விலையைப் பார்த்துத்தான் அணைத்தேன் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் உங்களுடன் வேலை செய்கிற இன்னொரு போலீஸ்காரர் என் போனிலிருந்து அவளுடைய கடைசி நாளின் விலையை எடுத்து வாசித்தார். பூஜ்யத்துக்கும் கீழே. ஹீட்டர் எரித்திருந்தால் கம்பெனியே நமக்குப் பணம் கொடுத்திருக்கும். அதுவும் உண்மைதான். நான் அன்று காலை போனில் பார்த்தேன்.

விடிவதற்கு முன்பே காற்று எழுந்துவிட்டது. கூரைப் பனி பறந்தது, பைன் மரங்கள் இரைந்தன. அவள் அறைக்குப் போனேன். நடுக்கம் நின்றிருந்தது. உதடு நீலமாக இருந்தது. கண் ஜன்னலிலேயே இருந்தது.

"சுத்துதுக்கா," என்றாள். "பாரேன், காத்து வந்துடுச்சு." சிரிக்கக்கூடச் செய்தாள்.

போன் என் கையில்தான் இருந்தது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இந்தக் காத்து பத்தாதும்மா," என்று சொல்லித் திரையை இழுத்து மூடினேன். ஜன்னல் பக்கம் குளிர் அதிகம் இல்லையா, அவளுக்காகத்தான் மூடினேன்.