பேரீச்சைக்கு ஈரம் ஆகாது

எனக்குச் செடிகொடி என்றால் உயிர், இன்ஸ்பெக்டர். கோப்பி ஆறுகிறது, குடியுங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

நம் கோத்தா திங்கியில் எல்லோரும் எண்ணெய்க்குச் செம்பனைதான் நடுகிறார்கள். மழை பெய்தால் தானாக வளர்கிற மரத்தை வளர்ப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம்? நான் பேரீச்சை வைத்தேன். எவ்வளவு வெயில் அடித்தாலும் அசராது. வேரில் தண்ணீர் தேங்கினால்தான் ஆகாது. அதனால் ஒரு லாரி மணல் கொட்டி மேடு கட்டினேன். மழை வந்தால் தார்ப்பாய். மழை இங்கே தினமும் வரும். என் மனைவி மீனலோசனி, "மரத்துக்குக் குடை பிடிக்கிறீங்க, எனக்கு ஒரு நாள் பிடிச்சிருக்கீங்களா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

பள்ளத்து வீட்டுக் கருப்பாயி அம்மாள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். முட்டி தேய்ந்து கட்டிலோடு கிடந்தார், தனியாக. சன்னலோரம் கட்டில், எதிரே என் மரம். போவோர் வருவோரிடமெல்லாம், "அலமாக், பாலைவனத்து மரம்லா அது. ஒரு வெள்ளம் வரட்டும், ஐயாவும் மரமும் சேர்ந்து மிதப்பாங்க" என்பார். தெருவே சிரிக்கும். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பதினோரு தடவை சொன்னார்.

முப்பது வருஷம் அரசாங்கத்தில் வடிகால் வேலை பார்த்தவன் நான். எதை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஜனவரியில் நான்கு நாள் விடாமல் கொட்டியது. மீனலோசனி சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம், கால்வாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் என் பக்கத்தைப் பதினெட்டு மணல் மூட்டை போட்டு அடைத்தேன். தண்ணீர் மொத்தமும் பள்ளத்துக்குத் திரும்பியது.

"ஐயா, மூட்டைய எடுத்துவிடுங்கய்யா. தண்ணி கட்டிலுக்கு வந்துடுச்சு."

குரல் தெளிவாகக் கேட்டது. நான் மரத்தடியில்தான் குடையோடு நின்றிருந்தேன். நாலு மூட்டை எடுத்திருந்தால் போதும். ஆனால் மரம் முதல் பாளை விடும் நேரம். "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன், மரியாதையாகத்தான். இரண்டு தடவை கூப்பிட்டார், இரண்டு தடவையும் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

ஆமாம், நான்தான் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் ஆட்கள் வந்து மூட்டைகளை எடுத்தார்கள். தண்ணீர் என் பக்கம் பாய்ந்தது. மரம் மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. ஒரு மட்டைகூட வாடவில்லை.

கருப்பாயி அம்மாள் இருந்து அதைப் பார்த்திருக்க வேண்டும்.