போன வாரத்துக் கேள்விகள்

— அண்ணே, நான் கேக்குறது போன வாரத்தை. கிரேன் கதையெல்லாம் அப்புறம். மறுபடி கேக்குறேன். சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிச்சுதா? இல்லவே இல்லன்னா சைபர், ரொம்ப இருந்தா மூணு.

— போன வாரம் லீவு, சிஸ்டர். வீட்டுல காலை நீட்டிப் படுத்திருந்தேன். நெஞ்சு எதுக்கு அடிக்கப்போகுது?

— அப்போ சைபர்.

— அதுக்கு முந்தின மாசத்தைக் கேளுங்களேன். கேபின் கதவைச் சாத்துனா போதும், நெஞ்சு வெளிய குதிச்சிடும் போல இருக்கும்.

— தாள்ல அதுக்கு இடமில்லண்ணே. 'கடந்த ஒரு வாரத்தில்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, பாருங்க. சரி, அடுத்தது. கை நடுக்கம்?

— வீட்டுலயா? இல்ல.

— சைபர். எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்தீங்களா?

— பேத்தி என் மூக்குக்கண்ணாடியை மிதிச்சு உடைச்சா. அதுக்கே சிரிச்சேன்.

— அதுவும் சைபர்.

— என்ன சிஸ்டர், சைபரா கோத்து எனக்கு மாலை போடப்போறீங்களா?

— நீங்க சொல்றதைத்தானே எழுதுறேன்.

— லீவு முடிஞ்சு வர்ற அன்னிக்கே இந்தப் பரீட்சையை வெச்சா எவன் ஃபெயில் ஆவான்? ஒரு வாரம் மேல உட்கார வெச்சுட்டுக் கேக்கணும். எந்தப் புண்ணியவான் இந்தத் தேதியைக் கண்டுபிடிச்சான்?

— நீங்கதான்.

— நானா?

— சங்கத் தலைவரா இருந்தப்போ கேட்டை மறிச்சு உட்கார்ந்தது யாரு? ஆளு தெளிவா இருக்கும்போது கேளுங்க, இல்லேன்னா பாதிப் பேர் கிரேனை விட்டு இறங்க வேண்டியதுதான்னு மேனேஜர்கிட்ட மல்லுக்கு நின்னது யாரு?

— அட, ஆமா. ஜெயிச்ச அன்னிக்கு என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு இந்த ரூம் வழியாத்தான் போனானுங்க.

— நானும்தான் கை தட்டுனேன்.

— நானே போட்ட பூட்டு. இப்ப உங்ககிட்ட வந்து சாவி கேக்குறேன்.

— இன்னிக்குக் காலையில எப்படி இருந்துச்சுண்ணே?

— இன்னிக்கா? சட்டைப் பட்டனைப் போட முடியல, விரல் அப்படி ஆடுது. வீட்டுக்காரிதான் போட்டுவிட்டா. ஏணி வரைக்கும் வந்தேன், நெஞ்சு குதிக்குது, கால் எழும்பவே இல்ல. பயமா இருக்கு சிஸ்டர். லீவுக்கு முன்னாடி கப்பல்ல இருந்து பெட்டியை இறக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. கீழ நின்னவன் தலைக்கு ஒரு சாண் மேல நிறுத்துனேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கல.

— ஐயோ! இதை ஏன் முதல்லயே சொல்லல?

— நீங்க போன வாரத்தை இல்ல கேட்டீங்க?

— இன்னிக்குக் காலையும் இந்த ஒரு வாரத்துக்குள்ளதானே வருது!

— வருமா?

— வரும், வரும். நெஞ்சு, மூணு. நடுக்கம், மூணு. பயம், மூணு. மேல ஏத்தக்கூடாதுங்கிற கோட்டைத் தாண்டிருச்சுண்ணே. இனி எவனும் உங்களை மேல ஏத்த முடியாது. ஆறு மாசம் கீழ, குடோன்ல வேலை. சம்பளம்தான் பாதி.

— பாதி போதும் சிஸ்டர். பாதி போதும்.

— அழாதீங்கண்ணே. இருங்க, மேனேஜருக்கு போனைப் போட்டு மாத்து ஆளை ஏறச் சொல்லிடறேன்.

— இன்னிக்கு மாத்து ஆளு யாரு?

— உங்க மாப்பிள்ளைதான்.

— அவனா? அவன் தூங்கியே எத்தனையோ நாளாச்சு. பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு உள்ள உட்கார்ந்து அழுவுறானாம். பொண்ணு வந்து சொல்லிட்டுப் போறா.

— அவரு தாள்ல எல்லாமே சைபர்ண்ணே. அவரும் லீவு முடிஞ்ச அன்னிக்குத்தானே வந்தாரு.

— ஆமா, நான் வாங்கிக் கொடுத்த தேதி.

— அவரையும் வரச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் இறக்கிடலாம்.

— வரமாட்டான் சிஸ்டர். மாமனார் இறங்கிட்டாருன்னு தெரிஞ்சா, வீட்டை யாரு பாக்குறதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அவன் ஏறிடுவான். எனக்காச்சும் முப்பது வருஷப் பழக்கம், கண்ணு இருட்டுனாலும் கை தானா நிறுத்திடுது. அவனுக்கு நிறுத்தாது.

— இருங்கண்ணே, மேனேஜர் எடுத்துட்டாரு. என்ன சொல்லட்டும்?

— போனை வைங்க சிஸ்டர். எனக்குப் புதுத் தாள் ஒண்ணு எடுங்க. நெஞ்சு, சைபர்.